இணையவழிச் சூதாட்டமும் சட்டமும்: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முன்பெல்லாம் சட்ட விளக்கம் கேட்டு வருபவர்கள் காணி உறுதியையோ, பிறப்புச் சான்றிதழையோ, சீட்டுக்காசு கட்டிய கொப்பியையோ கொண்டுவருவார்கள். இப்போது சிலர் கைத்தொலைபேசியைத் திறந்து மேசையில் வைக்கிறார்கள். "இது சட்டப்படி சரியானதோ?" என்ற ஒரே கேள்வியைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள்; ஆனால் கேட்பவர் திருநெல்வேலியில் இருக்கிறாரா, ஸ்காபரோவில் இருக்கிறாரா, தோஹாவில் வேலை செய்கிறாரா என்பதைப் பொறுத்து பதில் மாறிவிடுகிறது. அப்படிக் கேட்கப்பட்டவற்றுள் திரும்பத் திரும்ப வருபவற்றைக் கீழே தொகுத்திருக்கிறோம். இவை பொதுவான விளக்கங்களே. உங்களுடைய விடயத்தில் பணமோ வழக்கோ சம்பந்தப்பட்டிருந்தால் ஒரு சட்டத்தரணியை நேரில் சந்திப்பதே முறை.

இலங்கையில் இருந்துகொண்டு இணையத்தில் காசு வைத்து விளையாடுவது குற்றமா?

இந்தக் கேள்விக்கு ஒரு சொல்லில் விடை சொல்ல முடியாமல் இருப்பதற்குக் காரணம், எங்களுடைய அடிப்படைச் சட்டம் 1889ஆம் ஆண்டில் எழுதப்பட்டது என்பதுதான். அந்த ஆண்டின் சூதாட்டக் கட்டளைச் சட்டம், எந்த விளையாட்டு என்பதைவிட எந்த இடம் என்பதையே பெரிதும் பார்த்தது. தெரு, ஒழுங்கை, பொதுமக்கள் போய்வரும் இடம், சாராயக்கடை, சூதாடுவதற்கென்றே வைத்திருக்கும் வீடு ஆகியவற்றில் பணயம் வைத்து ஆடுவது சட்டவிரோதச் சூது என்றது. கோழிச்சண்டையை மட்டும், பணயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பகிரங்கமாக நடந்தாலும் வீட்டு வளவுக்குள் நடந்தாலும், குற்றம் என்றே வைத்தது. பனந்தோப்புக்குள் சேவலும் கையுமாகப் பிடிபட்டவர்களுடைய வழக்குகள் இந்த அடிப்படையில்தான் நீதவான் முன்னிலைக்கு வந்தன.

தொலைபேசியில் ஆடுபவர் எந்த இடத்தில் ஆடுகிறார்? படுக்கையில் கிடந்தபடி ஆடுகிறார். கம்பனியோ எங்கோ ஒரு தீவில் பதிவு செய்யப்பட்டிருக்கிறது. கணினி இன்னொரு நாட்டில் இருக்கிறது. தெருவையும் சாராயக்கடையையும் மனதில் வைத்து எழுதப்பட்ட சட்டத்தால் இதைப் பிடிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு வந்த சட்டங்களும் துண்டு துண்டாகவே வந்தன. குதிரைப் பந்தயத்துக்கு ஒரு கட்டளைச் சட்டம் இருந்தது. 1988ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டம் பந்தய நிலையங்களிடமும் சூதாட்ட வியாபாரங்களிடமும் அறவீடு வாங்க வந்தது. 2010ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம் கசினோக்களுக்கு அனுமதிப்பத்திர முறையைக் கொண்டுவந்தது. இவற்றில் ஒன்றாவது இணையத்தை நேராகப் பார்த்து எழுதப்படவில்லை. ஆகவே "தடை செய்த சட்டம் எங்கே?" என்று கேட்பவருக்கும், "அனுமதித்த சட்டம் எங்கே?" என்று கேட்பவருக்கும் நீண்டகாலமாக ஒரே மௌனம்தான் பதிலாக இருந்தது.

2025இல் புதிய சட்டம் வந்துவிட்டதே. அப்படியானால் இனி எல்லாத் தளங்களும் சட்டபூர்வமானவைதானே?

இல்லை. இது பலரும் தலைகீழாக விளங்கிக்கொண்ட ஒரு விடயம்.

2025 ஓகஸ்டில் பாராளுமன்றம் நிறைவேற்றிய சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம், பழைய சூதாட்டக் கட்டளைச் சட்டம், குதிரைப் பந்தயச் சட்டம், கசினோச் சட்டம் ஆகிய மூன்றுக்கும் பதிலாக ஒரே அதிகாரசபையை அமைப்பதற்கு வழி செய்கிறது. இணையவழிச் சூதாட்டமும், கப்பல்களில் நடப்பதும், கொழும்புத் துறைமுக நகரத்தில் நடப்பதும் அதன் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டுள்ளன. அதன் பொருள், இணையவழிச் சூதாட்டம் நடத்துபவர் இனி அனுமதிப்பத்திரம் கேட்டு அந்த அதிகாரசபையிடம் போக வேண்டும் என்பதே தவிர, இதுவரை முகநூலில் விளம்பரம் செய்துவந்த ஒவ்வொரு தளமும் ஒரே இரவில் தூய்மையாகிவிட்டது என்பதல்ல. முன்பு "சட்டத்தில் ஒன்றுமே சொல்லவில்லை" என்று சாட்டுச் சொல்லக்கூடியதாக இருந்த வெளிநாட்டுத் தளம், இப்போது "அனுமதியில்லாமல் நடத்துகிறாய்" என்று சொல்லப்படக்கூடிய நிலைக்கு வருகிறது. எந்த ஏற்பாடு எந்தத் திகதியிலிருந்து நடைமுறைக்கு வருகிறது, எந்தக் கம்பனிக்கு அனுமதி கிடைத்தது என்பவற்றை வர்த்தமானி அறிவித்தலில்தான் பார்க்க வேண்டும். ரெலிகிராம் குழுவில் யாரோ பகிர்ந்த படத்தை நம்பக்கூடாது.

ஒரு பக்கக் குறிப்பு. வரி கட்டுவதும் அனுமதி பெறுவதும் ஒன்றல்ல. அதே 2025இல் பந்தய, சூதாட்ட அறவீடு மொத்த வசூலில் 15 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகவும், கசினோவுக்குள் நுழையும் இலங்கைப் பிரசைக்கான கட்டணம் 50 டொலரிலிருந்து 100 டொலராகவும் கூட்டப்பட்டன. அரசு அறவிடுகிறது என்பதற்காக ஒரு வியாபாரம் உங்களுக்குப் பாதுகாப்பானது என்று எடுத்துக்கொள்ள முடியாது. சாராயத்துக்கும் அரசு வரி வாங்குகிறது.

தளத்தின் அடியில் "உரிமம் பெற்றது" என்று இலக்கத்தோடு போட்டிருக்கிறது. அதை நம்பலாமா?

ஒரு இளைஞர் காட்டிய திரையை அப்படியே சொல்கிறேன். மேலே பொன்னிறத்தில் 412,000 ரூபா மிகுதி. நடுவில் பச்சை நிறத்தில் "பணம் எடுக்க" என்ற பொத்தான். விரலால் தள்ளித் தள்ளி அடிக்குப் போனால், சாம்பல் நிற எழுத்தில் ஒரு தீவின் பெயரும், எட்டு இலக்க எண்ணும், ஒரு கேடய முத்திரையும். அந்த முத்திரையைத் தொட்டால் உரிமம் வழங்கிய அதிகாரசபையின் பக்கம் திறக்க வேண்டும். அவருடைய திரையில் தொட்டபோது ஒன்றும் நடக்கவில்லை. அது வெறும் படம்.

பச்சைப் பொத்தானை அழுத்தியபோது வந்த செய்தி இன்னும் அழகானது: வென்ற தொகைக்கு 10 சதவீத "வரி" முதலில் வைப்புச் செய்தால் மட்டுமே பணம் விடுவிக்கப்படும். உண்மையான வரி அறவீடு இப்படி நடப்பதில்லை. எந்த நாட்டின் இறைவரித் திணைக்களமும் ஒரு தனியாளின் வங்கிக் கணக்குக்கு முற்பணம் போடச் சொல்லாது. வரி அறவிட வேண்டியிருந்தால் கொடுக்கும் தொகையிலிருந்து கழித்துக்கொள்வதுதான் வழமை. பிரித்தானியாவில் வென்றவரிடம் அந்த வெற்றிக்கு வருமான வரியே வாங்குவதில்லை. வரி கம்பனிமீது விழுகிறது. அந்த இளைஞர் ஏற்கெனவே இரண்டு முறை "வரி" கட்டியிருந்தார்.

முத்திரை உண்மையானதாகவே இருந்தாலும் அது என்ன சொல்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். குராசோ என்ற கரீபியன் தீவில் பல ஆண்டுகளாக நான்கு தலைமை உரிமங்கள் இருந்தன. அந்த நால்வரும் தங்களுக்குக் கீழ் ஏராளமான தளங்களுக்கு உப உரிமம் கொடுத்தார்கள். விளையாடுபவரின் முறைப்பாட்டைக் கேட்க ஒழுங்கான இடமே இருக்கவில்லை. 2024 டிசெம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தோடுதான் அந்த முறை மாற்றப்பட்டது. மோல்ற்றா ஐரோப்பிய ஒன்றிய உறுப்பு நாடு. அங்குள்ள அதிகாரசபை அதைவிடக் கண்டிப்பானது. ஆனால் மோல்ற்றாவின் உரிமம் மோல்ற்றாவின் சட்டத்துக்கு மட்டும் பதில் சொல்கிறது. இலங்கைக்கும் சரி, ஜேர்மனிக்கும் சரி, அது நுழைவனுமதி அல்ல. ஜேர்மனியிலும் ஒஸ்திரியாவிலும் நீதிமன்றம் சென்று தோற்ற பணத்தைத் திரும்பக் கேட்டவர்களுடைய தீர்ப்புகளைத் தன் நாட்டில் நிறைவேற்ற விடாதபடி மோல்ற்றா 2023இல் தனியாக ஒரு சட்டமே இயற்றியது. உரிமம் கொடுத்த நாடு யாருடைய பக்கத்தில் நிற்கும் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை.

லண்டனில் இருக்கும் அண்ணாவின் கணக்கில் நான் யாழ்ப்பாணத்திலிருந்து விளையாடலாமா?

கூடாது, செய்தாலும் பயனில்லை. பிரித்தானியாவில் 2005ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் முதலில் கம்பனி எங்கே இருக்கிறது என்பதைப் பார்த்தது. ஜிப்ரால்ட்டரிலும் வேறு இடங்களிலும் கம்பனிகள் போய் உட்கார்ந்துகொண்டதால், 2014இல் அது திருத்தப்பட்டு, விளையாடுபவர் எங்கே இருக்கிறார் என்பது அளவுகோலாக்கப்பட்டது. அன்றிலிருந்து பிரித்தானியாவில் உள்ள ஒருவருக்குச் சேவை வழங்கும் எந்தக் கம்பனியும், உலகின் எந்த மூலையில் இருந்தாலும், அங்குள்ள சூதாட்ட ஆணைக்குழுவின் உரிமத்தைப் பெற வேண்டும்.

ஆகவே அந்தக் கணக்கு உங்கள் அண்ணாவுக்கு, அவருடைய அடையாளத்துக்கு, அவர் அங்கே இருக்கும் நிலைக்கு என்று திறக்கப்பட்டது. நீங்கள் கொக்குவிலில் இருந்து நுழைந்தால், அல்லது இருக்கும் இடத்தை மறைக்கும் விபிஎன் செயலியைப் போட்டு நுழைந்தால், தோற்கும்வரை யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். வென்று பணம் எடுக்கப் போகும்போதுதான் ஆவணங்களைக் கேட்பார்கள். கணக்கு முடக்கப்பட்டால் சட்டத்தின் துணை உங்களுக்கும் இல்லை, பொய் சொன்ன அண்ணாவுக்கும் இல்லை.

அங்கே வாழ்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியவை வேறு. 2020 ஏப்ரல் 14 முதல் கடனட்டையால் சூதாட முடியாது. 2025 முதல் இணையச் சுழல் (ஸ்லொட்) விளையாட்டுகளில் ஒரு சுற்றுக்கு 25 வயதும் அதற்கு மேலும் உள்ளவர் 5 பவுண்ஸுக்கு மேலும், 18 முதல் 24 வயதுவரை உள்ளவர் 2 பவுண்ஸுக்கு மேலும் வைக்க முடியாது. தன்னைத் தானே தடுத்துக்கொள்ள விரும்புபவர் கேம்ஸ்ரொப் என்ற பதிவேட்டில் பெயர் கொடுத்தால், உரிமம் பெற்ற எல்லா இணையத் தளங்களும் அவரை ஏற்க மறுக்க வேண்டும்.

கனடாவில் எங்கள் ஆட்கள் வெளிப்படையாகவே விளையாடுகிறார்கள். அங்கே எல்லாம் அனுமதியா?

கனடாவின் குற்றவியல் சட்டக்கோவை சூதாட்டத்தைப் பொதுவாகத் தடைசெய்துவிட்டு, நடத்தும் அதிகாரத்தை மாகாணங்களுக்கு விட்டிருக்கிறது. ஆகவே "கனடாவில்" என்று பேசாமல் எந்த மாகாணம் என்று பேச வேண்டும். ஒரேயொரு போட்டியின் முடிவுமீது பந்தயம் வைப்பது 2021 ஓகஸ்ட் 27 வரை நாடு முழுவதும் தடைப்பட்டிருந்தது. எங்கள் ஆட்கள் அதிகமாக வாழும் ஒன்ராறியோ 2022 ஏப்ரல் 4 அன்று தனியார் கம்பனிகளுக்கு இணையச் சந்தையைத் திறந்தது. விளையாடுபவருக்கு 19 வயது நிரம்பியிருக்க வேண்டும், விளையாடும் நேரத்தில் உடலால் ஒன்ராறியோ எல்லைக்குள் இருக்க வேண்டும். கியூபெக்குக்குக் கலியாண வீட்டுக்குப் போனவர் மொன்றியலில் இருந்து அதே செயலியைத் திறந்தால் அது அவரை வெளியே தள்ளும். சொந்த நாட்டுக்குள்ளேயே மாகாண எல்லை தாண்டினால் இப்படியென்றால், விடுமுறைக்கு ஊருக்கு வந்து நல்லூர்த் திருவிழாக் கூட்டத்துக்குள் நின்று அதைத் திறப்பவருக்கு என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

சுவிஸ், ஜேர்மனி, பிரான்ஸ், நோர்வே எல்லாம் ஐரோப்பாதானே, ஒரே சட்டம் இல்லையா?

இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் சூதாட்டத்துக்குப் பொதுச் சட்டம் செய்யவில்லை; சுவிஸும் நோர்வேயும் ஒன்றியத்தில் இல்லவே இல்லை.

சுவிஸ் மக்கள் 2018 ஜூன் 10 அன்று இதற்கென்றே வாக்களித்தார்கள். ஏறத்தாழ 73 சதவீதத்தினர் புதிய சட்டத்தை ஆதரித்தார்கள். அதன்படி சுவிஸ் மண்ணில் கட்டடத்தோடு இயங்கும் கசினோக்களுக்கு மட்டுமே இணைய உரிமம் கிடைக்கும். வெளிநாட்டுத் தளங்கள் 2019 ஜூலை முதல் இணையச் சேவை வழங்குநர்களால் முடக்கப்படுகின்றன. பேர்ணிலோ சூரிச்சிலோ இருந்து ஒரு தளம் திறக்கவில்லை என்றால் உங்கள் இணைப்பில் கோளாறு என்று எண்ண வேண்டாம்.

ஜேர்மனி 2021 ஜூலை 1 முதல் மாநிலங்களுக்கிடையிலான ஒப்பந்தமொன்றின் மூலம் இணையச் சுழல் விளையாட்டுகளையும் போக்கரையும் அனுமதித்தது. ஆனால் எத்தனை தளங்களில் கணக்கு வைத்திருந்தாலும் எல்லாவற்றுக்கும் சேர்த்து மாதம் 1,000 யூரோவுக்கு மேல் வைப்பிடாதபடி பொது உச்சவரம்பு வைத்தது, ஒரு சுற்றுக்கு 1 யூரோவுக்கு மேல் வைக்க முடியாதென்றது. பிரான்ஸில் 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி விளையாட்டுப் பந்தயம், குதிரைப் பந்தயம், போக்கர் ஆகிய மூன்றுக்கும் இணைய உரிமம் உண்டு. இணையக் கசினோவுக்கு இல்லை. பாரிஸில் இருந்துகொண்டு ரூலெற் ஆட அழைக்கும் எந்தத் தளமும் அனுமதியற்றது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். நோர்வேயில் அரசின் தனியுரிமை. நொர்ஸ்க் ரிப்பிங்கும் குதிரைப் பந்தயத்துக்கான நொர்ஸ்க் றிக்ஸ்ரொத்தோவும் தவிர வேறு எவருக்கும் இடமில்லை. 2010 முதல் வங்கிகள் வெளிநாட்டுத் தளங்களுக்கான கொடுப்பனவுகளைத் தடுக்கின்றன. 2025 தொடக்கத்திலிருந்து தளங்களின் முகவரிகளையும் முடக்குகிறார்கள்.

அவுஸ்திரேலியாவில்?

2001ஆம் ஆண்டின் சட்டம் இணையக் கசினோவை வழங்குவதைத் தடைசெய்கிறது, விளையாடுபவரைத் தண்டிப்பதில்லை. உரிமம் பெற்ற கம்பனிகளிடம் விளையாட்டுப் பந்தயம் வைக்கலாம், ஆனால் போட்டி தொடங்கிய பின்னர் இணையத்தில் வைக்க முடியாது. தொலைபேசியில் அழைத்து வைக்கலாம். 2024 ஜூன் 11 முதல் கடனட்டைக்கும் கிரிப்டோ என்ற இணைய நாணயத்துக்கும் தடை.

தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிகளில் றம்மி விளம்பரம் போனதே. அங்கே அது சட்டபூர்வமா?

அந்த விளம்பரங்களைச் செய்மதித் தொலைக்காட்சியில் பார்த்துப் பழகிய எங்கள் ஊரவர் பலர், இந்தியாவில் அனுமதித்தால் இங்கேயும் அனுமதிதான் என்று எண்ணினார்கள். இந்தியாவிலேயே அந்த எண்ணம் நிலைக்கவில்லை.

அங்கே பந்தயமும் சூதாட்டமும் மாநிலப் பட்டியலில், அதாவது மாநிலங்கள் சட்டம் இயற்றக்கூடியவற்றின் பட்டியலில், உள்ள விடயங்கள். அதோடு, டில்லியில் உள்ள இந்திய உச்ச நீதிமன்றம் 1968இலேயே றம்மியைப் பெரும்பாலும் திறமை சார்ந்த விளையாட்டு என்று சொல்லிவிட்டது. இந்தச் "திறமையா, அதிர்ஷ்டமா" என்ற ஒற்றைக் கோட்டின்மீதே செயலிக் கம்பனிகள் தங்கள் முழு வியாபாரத்தையும் கட்டின. தமிழ்நாடு 2021இல் தடைச் சட்டம் இயற்றியது. அதே ஆண்டு ஓகஸ்ட் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை இரத்துச் செய்தது. இவ்விளையாட்டுகளில் பணம் இழந்தவர்களின் தற்கொலைகள் தொடர்ந்த நிலையில், ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைக்கப்பட்டு, 2022 ஒக்ரோபரில் சட்டசபை மீண்டும் ஒரு சட்டமூலத்தை நிறைவேற்றியது. ஆளுநர் ஆர்.என். ரவி அதைத் திருப்பி அனுப்பினார். சட்டசபை 2023 மார்ச்சில் இரண்டாம் முறையும் நிறைவேற்றிய பிறகே ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. 2023 நவம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டு, றம்மியையும் போக்கரையும் தடைப் பட்டியலிலிருந்து மட்டும் நீக்கியது. பின்னர் நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணிவரை விளையாட முடியாது, ஆதார் மூலம் அடையாளம் உறுதிப்படுத்த வேண்டும் என்ற மாநில விதிகளை 2025 ஜூனில் அதே நீதிமன்றம் சரியென்றது.

இந்த இழுபறிக்கு மேலாக மத்திய அரசு 2025 ஓகஸ்டில் ஒரு சட்டத்தைக் கொண்டுவந்து, இரண்டே நாட்களில் இரு அவைகளிலும் நிறைவேற்றி, 22ஆம் திகதி குடியரசுத் தலைவரின் ஒப்புதலையும் பெற்றது. அது அந்தப் பழைய எல்லைக்கோட்டையே அழித்துவிட்டது: பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டு திறமை சார்ந்ததானாலும் அதிர்ஷ்டம் சார்ந்ததானாலும் தடை. வழங்குபவருக்கு 3 ஆண்டுவரை சிறையும் 1 கோடி ரூபாவரை அபராதமும். விளம்பரம் செய்பவருக்கு 2 ஆண்டும் 50 இலட்சமும். விளையாடுபவருக்குத் தண்டனை இல்லை. இந்தியக் கிறிக்கெட் அணியின் சட்டையில் பெயர் போட்டிருந்த ட்ரீம்11 கம்பனி அந்த அனுசரணையிலிருந்தே விலகியது. சட்டத்தை எதிர்த்து வெவ்வேறு உயர் நீதிமன்றங்களில் தொடுக்கப்பட்ட மனுக்களை உச்ச நீதிமன்றம் தன்னிடம் எடுத்துக்கொண்டது.

எங்களுக்கு இதில் ஒரு நேரடி விளைவு உண்டு. அங்கே வாசல் மூடப்படும்போது வியாபாரம் பக்கத்து வீட்டு வேலியைத் தேடுவது வழமை. தமிழில் பேசும் அழைப்பு, தமிழ்ப் பெயருள்ள செயலி, இலங்கை ரூபாவில் வைப்பு என்று இப்போது வரும் அழைப்புகளை அந்தப் பின்னணியோடு பார்ப்பது நல்லது.

சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ வேலைக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

மற்ற நாடுகளில் பெரும்பாலும் நடத்துபவரே குற்றவாளி; சிங்கப்பூரில் விளையாடுபவரும் குற்றவாளி. 2022 ஓகஸ்டில் நடைமுறைக்கு வந்த சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, உரிமம் இல்லாத தளத்தில் ஆடும் தனியாளுக்கு 10,000 சிங்கப்பூர் டொலர்வரை அபராதமோ 6 மாதம்வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். அங்கே இணையத்தில் பந்தயம் வைக்க இருக்கும் சட்டபூர்வமான வாசல் சிங்கப்பூர் பூல்ஸ், வயது 21.

கட்டார், குவைத், சவூதி அரேபியா ஆகியவற்றில் சூதாட்டம் முற்றாகத் தடை. ஐக்கிய அரபு அமீரகம் 2023இல் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையை அமைத்து, 2024இல் ஒரு லொத்தருக்கு உரிமமும் கொடுத்திருக்கிறது. உரிமம் இல்லாதது இன்னமும் குற்றமே. வளைகுடாவில் தொழிலாளிக்கு அபராதத்தைவிடப் பெரிய பயம் விசாதான். பிடிபட்டால் வேலையும் போய், போகும்போது நகை அடைவு வைத்துக் கட்டிய முகவர் காசும் போய்விடும்.

அமெரிக்கா பற்றி?

2018 மே 14 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்துக்கான கூட்டாட்சித் தடையை நீக்கியது. அன்றிலிருந்து மாநிலத்துக்கு மாநிலம் வேறு. இணையக் கசினோவை அனுமதித்த மாநிலங்கள் மிகச் சில. நியூ ஜேர்சி 2013இலேயே தொடங்கியது. இவ்விடயத்தில் எனக்குப் பிடித்த சம்பவம் வேறொன்று: அன்ரிகுவா, பார்புடா என்ற சின்னத் தீவு நாடு, தன் தளங்களை அமெரிக்கா தடுக்கிறது என்று உலக வர்த்தக நிறுவனத்தில் வழக்குப் போட்டு வென்றது. 2007இல் ஆண்டுக்கு 21 மில்லியன் டொலர் பெறுமதிக்குப் பதில் நடவடிக்கை எடுக்கலாம் என்று தீர்ப்பாயிற்று. தீர்ப்பு வந்தாலும் அமெரிக்கா தன் சட்டத்தை மாற்றவில்லை.

வென்ற காசைத் தளம் தரவில்லை. யாழ்ப்பாண நீதிமன்றத்தில் வழக்குப் போடலாமா?

இங்கே பின்பற்றப்படும் ரோமன் டச்சுச் சட்டத்தின் பொதுவான கோட்பாடு, சூதாட்டத்தில் உண்டான கடனை வழக்கிட்டு அறவிட நீதிமன்றம் துணைநிற்காது என்பது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவும் பந்தய உடன்படிக்கையைச் செல்லாததாக்குகிறது. பிரித்தானியா மட்டும் 2007 செப்ரெம்பர் முதல் இந்தக் கொள்கையைக் கைவிட்டு, சூதாட்ட ஒப்பந்தத்தையும் மற்ற ஒப்பந்தம் போல அமுல்படுத்தலாம் என்றது. கோட்பாடு ஒருபுறமிருக்க, யாருக்கு எதிராக வழக்குத் தாக்கல் செய்வது, அழைப்பாணையை எந்த முகவரிக்கு அனுப்புவது என்ற இரண்டு கேள்விகளிலேயே பெரும்பாலான விடயங்கள் முடிந்துவிடுகின்றன.

மறுபக்கம் ஒன்றும் உண்டு. விளையாடுவதற்குக் கடன் கொடுத்தவர், கடன் என்ன தேவைக்கு என்று எழுதாமல் வெறுமனே கையெழுத்துப் பெற்ற தாளோடு வந்தால், அது சூதாட்டக் கடன் என்று காட்டவேண்டிய சுமை உங்கள்மீது விழலாம். வெற்றுக் காசோலையிலோ வெற்றுத் தாளிலோ கையெழுத்து வைக்க வேண்டாம் என்று எத்தனை முறை சொன்னாலும் போதாது.

வங்கிக் கணக்கைக் கொடுத்தால் மாதம் ஒரு தொகை தருவதாகச் சொல்கிறார்கள். நான் சூதாடவில்லையே, அதில் என்ன பிழை?

இந்தப் பக்கத்தில் ஒரேயொரு பதிலை வாசிக்க நேரம் இருக்கிறது என்றால் இதை வாசியுங்கள். விளையாடியதற்காக இங்கே சிறைக்குப் போனவரைக் காண்பது அரிது. கணக்கை வாடகைக்குக் கொடுத்ததால் பொலிஸ் நிலையத்தில் போய் இருப்பவரைக் காண்பது அரிதல்ல.

அனுமதியற்ற தளத்துக்கு இலங்கையில் தன் பெயரில் கணக்குத் திறக்க முடியாது. ஆகவே வைப்புப் பணம் வந்து விழவும், அங்கிருந்து உடனே வேறிடம் போகவும் ஊர்ப் பிள்ளைகளின் கணக்குகள் தேவைப்படுகின்றன. பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகி முதன்முறையாக வங்கி அட்டை பெற்ற மாணவர், வேலை தேடும் யுவதி, கடையில் நிற்கும் பொடியன் ஆகியோரே குறி. ஏரிஎம் அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் சிம் அட்டையையும் கொடுத்துவிட்டு மாதம் ஒரு சிறு தொகையை வாங்கிக்கொள்கிறார்கள். அந்தக் கணக்கினூடாக ஒரே நாளில் இருபது முப்பது பேரின் பணம் போய்வருகிறது. அதில் சூதாட்டக் காசும் இருக்கும், யாரையோ ஏமாற்றிப் பறித்த காசும் இருக்கும், போதைப்பொருட் காசும் இருக்கலாம்.

2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கப் பணம் தூயதாக்கல் (குற்றத்தால் வந்த காசை நேரான காசு போலக் காட்டுவது) தடுப்புச் சட்டமும், அதே ஆண்டின் 6ஆம் இலக்க நிதிக் கொடுக்கல் வாங்கல் அறிக்கையிடல் சட்டமும் இத்தகைய அசாதாரண ஓட்டத்தைக் கவனிக்கவும், மத்திய வங்கியின் நிதி உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்கவும் வங்கிகளைக் கட்டுப்படுத்துகின்றன. விசாரணை வரும்போது ஆவணத்தில் இருக்கும் பெயர் உங்களுடையது மட்டுமே. "எனக்குத் தெரியாது" என்பது சில வேளைகளில் உண்மையாகவும் இருக்கும். ஆனால் அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் கூலிக்குக் கொடுத்தவர் அதை நிரூபிப்பது எளிதல்ல. இவ்வாறு கொடுத்திருப்பவர்கள் இன்றே வங்கிக்குப் போய்க் கணக்கை நிறுத்தி, எழுத்தில் அறிவித்து, பிரதியை வைத்துக்கொள்ள வேண்டும்.

கிரிப்டோவாகவோ உண்டியலிலோ காசு அனுப்பினால் யாருக்கும் தெரியாதுதானே?

உண்டியல் என்று நாங்கள் சொல்லும் முறை, வங்கியைத் தவிர்த்து ஊருக்குக் காசு அனுப்புவதற்கு நம்பிக்கையின் அடிப்படையில் நீண்டகாலம் ஓடிய ஒன்று. அதனால் அது தவறு என்ற எண்ணமே பலருக்கு இல்லை. 2017ஆம் ஆண்டின் வெளிநாட்டுச் செலாவணிச் சட்டம் வெளிநாட்டுக் கொடுப்பனவுகளை அதிகாரமளிக்கப்பட்டவர்கள் ஊடாகவே செய்யச் சொல்கிறது. கிரிப்டோவைப் பொறுத்தவரை, அதை வாங்குவதற்கு வங்கியின் பற்றட்டை, கடனட்டைகளைப் பயன்படுத்த அனுமதியில்லை என்று மத்திய வங்கி பகிரங்கமாக அறிவித்திருக்கிறது. தெரியாது என்பதன் மறுபக்கம், ஏமாற்றப்பட்டபோது எடுத்துக்காட்ட ஒரு பற்றுச்சீட்டும் இராது என்பது.

உள்ளூர்க் கிறிக்கெட் பற்றித் தெரிந்ததை வட்ஸ்அப்பில் ஒருவர் கேட்கிறார். பந்தயம் வைப்பது அவர்தானே?

2019ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க விளையாட்டு தொடர்பான தவறுகளைத் தடுக்கும் சட்டம், ஆட்டத்தை விற்பவரை மட்டுமல்ல, பந்தயத்துக்குப் பயன்படும்படி உட்தகவல் கொடுப்பவரையும் பிடிக்கும். அதிகபட்சம் 10 ஆண்டு சிறையும் 100 மில்லியன் ரூபா அபராதமும். ஆடுகளம் தயாரிப்பவர், புள்ளி குறிப்பவர், அணியோடு பஸ்ஸில் போய்வரும் நண்பர் எல்லோரும் இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டு முற்றத்தில் நாலு பேர் இருந்து 304 என்ற சீட்டாட்டம் விளையாடினால்?

துரும்பு மறைத்து வைப்பதில் சண்டை வரலாம். பொலிஸ் வர நியாயமில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் வெளியாட்கள் வந்து காசு வைத்து ஆட, வீட்டுக்காரர் அதில் பங்கு எடுக்கத் தொடங்கினால், அந்த வீடு சூதாட்ட நிலையமாக எண்ணப்படக்கூடும். 1889இல் எழுதியவர்கள் மனதில் இருந்ததும் இதுதான்.

ஏமாந்துவிட்டேன். முறைப்பாடு செய்யப் போகும்போது எவற்றைக் கொண்டு போக வேண்டும்?

முதலில் வங்கிக்கு அறிவியுங்கள். அட்டையின் பின்பக்கத்திலேயே தொலைபேசி இலக்கம் இருக்கிறது. மணித்தியாலங்கள் முக்கியம். பணம் போய்ச் சேர்ந்த கணக்கில் அது இன்னும் இருந்தால் மட்டுமே நிறுத்தக்கூடியதாக இருக்கும். அதன் பிறகு பொலிஸில், இயன்றால் கணினிக் குற்றங்களை விசாரிக்கும் பிரிவில் முறையிடலாம். தளத்தின் முகவரி தெரியும்படி தொலைபேசித் திரையை எடுத்த படங்கள், ஒவ்வொரு வைப்பின் பற்றுச்சீட்டு, பணம் போன கணக்கின் பெயரும் இலக்கமும், உரையாடியவரின் தொலைபேசி இலக்கம், வட்ஸ்அப், ரெலிகிராம் உரையாடல்கள் ஆகியவை வேண்டும். உரையாடலை அழிக்கவோ செயலியை நீக்கவோ கூடாது. வெட்கத்தினால் பிள்ளைகள் முதலில் செய்வது அதைத்தான். ஒரு தாய் மகனின் தொலைபேசியோடு வந்தபோது அது முதல்நாள் இரவே முற்றாகத் துடைக்கப்பட்டிருந்தது, எஞ்சியிருந்தது வங்கிப் புத்தகத்தில் பதினொரு வரிகள் மட்டும். அந்தப் பதினொரு வரிகளிலிருந்துதான் முறைப்பாட்டை எழுதத் தொடங்கினோம்.